'அழகா' என்றால் பேர் மறந்துபோச்சு

— ...அந்தத் தாத்தா வாயத் திறந்து கேக்கவே வேணாம்டா வென்பின். சாஸ் இல்லாம முட்டை ரொட்டி, வெதுவெதுன்னு சோயாப்பால், மின்விசிறிக்குக் கீழ நாற்காலி. வாசல்ல அவரு நிழல் விழுந்ததுமே என் கை முட்டைய உடைச்சிடும். இன்னைக்கும் உடைச்சுட்டேன். பாத்தா நிழல் வேற யாரோடதோ.

— வயசானவரு, அக்கா. உடம்பு கிடம்பு சரியில்லாம இருக்கும்.

— நீ எடுத்த வீடியோ வந்த மறுநாளே உடம்பு சரியில்லாம போயிடுச்சாக்கும்?

— அதுக்கு நான் என்ன பண்ண? காலையில வரிசை தபாலாபீஸ் வரைக்கும் நின்னுச்சு. தாய்பெய்லேர்ந்து ரயிலேறி வர்றாங்க. இந்த டௌலியு ஊருல வேற எந்தக் காலைச் சாப்பாட்டுக் கடைக்கு அப்படி வர்றாங்க? போன வருஷம் நீ ஈ ஓட்டிக்கிட்டிருந்தே.

— நான் இல்லேன்னு சொல்லல.

— ஒரு நிமிஷ வீடியோவா எத்தனை போட்டேன். முட்டை புரளுறதப் பாத்தான், அடுத்ததுக்குப் போயிட்டான். ஒருத்தன் கடைக்கு வரல. நீளமா எடுத்தாத்தான் ஆள் தெரியும்னேன். முக்கால் மணி நேரம், ஒரு காலைப்பொழுது மொத்தமும். பாக்குறவன் நம்ம நாற்காலியில உக்காந்து பால் குடிச்ச மாதிரியே எழுந்து போறான். அப்புறம் நெஜமாவே வந்து உக்காந்துட்டான்.

— அந்த நீளம்தான்டா என்னைக் கெடுத்துச்சு. ஒரு நிமிஷம்னா பல்லக் காட்டிட்டு நின்னிருப்பேன். நீ விடிஞ்சதுலேர்ந்து கேமராவ வெச்சுட்டே. அது இருக்கறதே எனக்கு மறந்துபோச்சு. 'ஏன்க்கா எல்லாரையும் அழகா, அழகின்னு கூப்பிடறே'ன்னு கேட்டே. நானும் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்.

— காலைக்கடை நடத்துற எல்லா அம்மாவும் அப்படித்தானே கூப்பிடறாங்க.

— கூப்பிடறாங்க. 'பேர் யாருக்கு ஞாபகம் இருக்கு, அழகான்னா எந்த மூஞ்சிக்கும் பொருந்தும்'னு யாரும் ஊரக் கூட்டிச் சொல்லல. சொல்லிட்டுச் சிரிக்க வேற செஞ்சேன். அதையே நீ தலைப்பா வெச்சுட்டே.

— தலைப்பு நல்லா இல்லாட்டி யாரு அக்கா தொடுவா?

— வீடியோவுல நான் சொல்லி முடிச்ச கையோட அவரு உள்ள வர்றாரு. 'வாங்க அழகா'ங்கறேன். அவரு முகம் அப்படியே மலருது. கீழ ஊரே எழுதியிருக்கு, 'பாவம் தாத்தா, நம்பிட்டாரு'ன்னு. இப்ப வர்றதுங்க அந்த நாற்காலியத் தொட்டுப் பாத்து, 'இதுதான் ஏமாந்த தாத்தா சீட்டா'ங்குது. நான் அடுப்பப் பாத்துத் திரும்பிக்கறேன்.

— அக்கா, ஒண்ணு சொல்றேன், திட்டாதே. அவரு வந்தது காலையில. நீ அப்படிச் சொன்னது கடை மூடி, கல்லைத் தேய்க்கறப்போ. நான்தான் பின்னாடி இருந்ததை இழுத்து முன்னாடி ஒட்டினேன். சிரிப்பு வரும்னு.

— அடப்பாவி. நானும் எத்தனை தரம் பாத்தேன், உறைக்கலியே.

— நான் எடுக்கற கல்யாண வீடியோவுல அழுறத முன்னாடி, சிரிக்கறத பின்னாடின்னு மாத்தறதுதான். ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்ல.

— அவங்க வீடியோ எடுக்கக் கூப்பிட்டாங்கடா. இவரு ரொட்டி சாப்பிட வந்தாரு.

— அந்த வீடியோவ நெட்டுலேர்ந்து எடுத்துடவா?

— எடு. என் கண்ணு முன்னாடியே எடு.

— எடுத்தாச்சு. நாளைக்கு வரிசை இருக்காது, சொல்லிட்டேன்.

— ரொட்டி பிடிச்சவன் வருவான். அந்தச் சோயாப்பாலை மூடி எடுத்துக்க. ரொட்டி சுட்டுட்டேன். நீயும் என்கூட அவரு வீட்டுக்கு வர்றே.

— வீடு தெரியுமா?

— தண்டவாளத்துப் பக்கம், பச்சைக் கதவு. வட்டத் தலைவரக் கேட்டேன். பேரையும் கேட்டேன். 'யாரு, ஸ்டேஷன்காரரா'ங்கறாரு. அவருக்கும் தெரியல.

— அப்ப என்னன்னு கூப்பிட்டுக் கதவத் தட்டுவே?

— அதாண்டா நேத்தே போகாம வீட்டுக்குள்ள சுத்திக்கிட்டு இருந்தேன்.

*

— நீ தட்டு.

— உன் குரல்தான்க்கா அவருக்குத் தெரியும்.

— ஐயா... உள்ள இருக்கீங்களா? காலைக்கடை சூயுன் வந்திருக்கேன்.

— கதவு திறந்தே இருக்கிறது. படியைக் கவனித்து உள்ளே வரவும்.

— அக்கா, ஒலிபெருக்கி மாதிரியே பேசறாரு.

— வாய மூடுடா.

— ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தேன் தம்பி. ஓய்வு எனக்குத்தான், நாக்குக்கு இன்னும் கொடுக்கவில்லை. உட்காருங்கள்.

— உக்கார வரலீங்க. அந்த வீடியோவுல அக்கா பேச்சுக்குப் பின்னாடி உங்க சிரிப்பை ஒட்டினது நான். அக்கா உங்களப் பத்தி ஒண்ணுமே சொல்லல. பண்ணினது நான், தலைகுனிஞ்சது அவ. வீடியோவ அழிச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க.

— ஒட்டினது அவன்தான். ஆனா சொன்னது என் வாய்தானே. இத்தனை வருஷம் உங்களுக்கு ரொட்டி சுட்டிருக்கேன். இப்பக் கேக்கறதுக்கே கூசுதுங்க. உங்க பேர் என்ன?

— எனக்குக் கோபம் இல்லை அம்மா. ஒருவர் பெயரும் தெரியாமல் காலமெல்லாம் 'அன்புள்ள பயணிகளே' என்று அழைத்தவன் நான். உங்களிடம் கோபப்பட எனக்கென்ன தகுதி?

— அப்ப ஏன் வரல?

— ஒரு தவளை இருந்ததாம். தன்னைப் பார்க்கத்தான் நிலவு குளத்துக்கு வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்ததாம். பக்கத்துக் குளத்திலும் நிலவு கிடப்பதை ஒருநாள் யாரோ காட்டிவிட்டார்கள். அதன் பிறகு, தன் கரையில் உட்காரவே அதற்கு வெட்கமாகிவிட்டது.

— ஐயா...

— உங்கள் கடைக்கு வருவதற்காக மட்டும் அந்தத் தவளை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்ளும். மனைவி போன பிறகு, வேறு எங்கு போகவும் அது சட்டையைத் தேய்த்ததில்லை.

— பழுப்புக் கோடு போட்டது ஒண்ணு, சாம்பல் ஒண்ணு. கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பீங்க. மழைக்காலத்துல மட்டும் மேல ஒரு கம்பளிச் சட்டை. எல்லாம் எனக்குத் தெரியுங்க. பேர்தான் தெரியாது.

— சாம்பல் சட்டையைக் கூடவா கவனித்தீர்கள்?

— அதுல சோயாப்பால் சிந்தினப்ப நான்தானே ஈரத்துணி குடுத்தேன்.

— ஆமாம். கொடுத்தீர்கள். என் பெயர் லாய் திங்ஷான்.

— லாய் திங்ஷான். இனிமே வாசல்லயே பேர் சொல்லிக் கூப்பிடறேன். லாய் ஐயா, வாங்கன்னு.

— வேண்டாம் அம்மா.

— ஏங்க, இன்னும் மனசு ஆறலியா?

— பெயரைச் சொல்லி அழைக்க மருத்துவமனையில் ஆள் இருக்கிறது. அந்தப் பெயர் காதில் விழுந்தாலே, கை தானாக மருந்துச்சீட்டைத் தேடுகிறது.

— அப்ப நான் எப்படித்தான் கூப்பிடறது?

— நீங்களே சொல்லுங்கள்.

— அக்கா, ரொட்டி ஆறுது.

— வாங்க அழகா. சாஸ் போடல.