கசக்காத காப்பி

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் காலை ரயில். மூன்றாம் வகுப்பில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். பத்து தீகா தாண்டியதும் மூத்தவள் சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வந்துருச்சு. இப்ப நெஞ்சுதான் நிக்காம ஓடுது.”

“என்னக்கா சொல்றீங்க?”

“மூச்சு இழுப்புக்கு, ஆஸ்பத்திரியில மருந்து கொடுக்கிற டிரெஸர் புது மாத்திரை கொடுத்தாரு. அது ஏதோ சீனச் செடியிலேர்ந்து எடுத்ததாம். கூடவே அதே செடி போட்ட சீன மருந்துக் கடைக் கஷாயம் குடிச்சா நெஞ்சு படபடக்கும்னு அப்பவே சொன்னாரு. இவரு சிரிச்சாரு. ‘அந்தத் தண்ணியை நான் தொடுவேனா?’ன்னாரு.”

“தொட மாட்டாருதானே?”

“ஒரு மாசமா நான்தான் காப்பியில கலந்து கொடுத்துக்கிட்டிருந்தேன்.”

இளையவள் கேட்டாள்:

“டிரெஸர் சொன்ன பிறகாவது நிறுத்தியிருக்கலாமே?”

“அதுலதான் அவரு மூச்சு விட்டுக்கிட்டிருந்தாரு. நிறுத்தப் பயமா இருந்துச்சு. நேத்து டாக்டர் நாடி பார்த்துட்டு, இருதயம் பலவீனம், ரயில் லைன் வேலை இனி ஆகாதுன்னுட்டாரு. உண்மையைச் சொல்லத்தான் இப்ப அவருக்குத் தெரியாம ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

“இன்னைக்குக் கலக்கலையே?”

“இல்லம்மா. வெறும் காப்பிதான் கொடுத்தேன்.” மடியிலிருந்த கஷாயப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “கசப்பே இல்ல, இதெல்லாம் ஒரு காப்பியான்னு பாதியிலேயே வச்சுட்டாரு.”