சத்தமில்லாத பெட்டி

மாப்ள: ...அதனால பெரிய பெட்டி வேண்டாம், சின்னதே போதும்னு மேனேஜருக்கு எழுதிடறேன். சரியா?

மச்சான்: சரி.

மாப்ள: என்ன, சட்டுனு சரிங்கிறே? உன் தங்கச்சியைப் பொண்ணு கேட்டப்போ இவ்வளவு சீக்கிரம் சொல்லலியே நீ.

மச்சான்: அது குடும்ப விஷயம், நாலையும் யோசிக்கணும். இது ஆபீஸ் நெட்வொர்க்குக்கு வாசக்காவல் நிக்கிற பெட்டி. எது வந்தா என்ன.

மாப்ள: அப்போ மேனேஜர் கேக்கற பெரிசையே வாங்கிடலாமா?

மச்சான்: வேண்டாம், வேண்டாம்.

மாப்ள: அதானே பாத்தேன்.

மச்சான்: நீ ஏன் வேண்டாங்கிறே? அதைச் சொல்லு. இப்ப வந்து நிப்பாரு. இந்த நெட்வொர்க்கைப் பாத்துக்கறது நாம ரெண்டே பேரு, ஆளுக்கொரு காரணம் சொன்னா நல்லாவா இருக்கும்?

மாப்ள: கரண்ட் நிறைய இழுக்கும்.

மச்சான்: இழுத்துட்டுப் போகட்டும்னுட்டாரு. சொல்லிப் பாத்துட்டேன்.

மாப்ள: ரேக்ல இடம் இல்ல.

மச்சான்: புது ரேக்கே வாங்கித் தரேங்கிறாரு.

மாப்ள: நாற்காலி உடைஞ்சிருக்கு, மாத்தித் தாங்கன்னா மட்டும் அந்த மனுஷனுக்குக் காது கேக்காது.

மச்சான்: ...ம்.

மாப்ள: என்ன ம்? பேசாம உண்மையைச் சொல்லிடலாம். அந்தப் பெரிய பெட்டி, நெட்ல யாரு எதைத் தேடினாலும் பிரிச்சுப் படிக்குது. ஒருத்தர் வேற வேலை தேடுவாரு, ஒருத்தர் வக்கீல் தேடுவாரு, ஒருத்தருக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கும்... அதெல்லாம் நமக்கு எதுக்கு?

மச்சான்: அதுக்குத்தானே அவரு கேக்கறாரு. யாரு என்ன பாக்கறாங்கன்னு அவருக்குத் தெரியணுமாம். தப்பு சார்னா, 'உங்களுக்கு மறைக்க என்ன இருக்கு'ன்னு நம்ம பக்கமே திரும்புவாரு.

மாப்ள: எனக்கு என்ன இருக்கு மறைக்க?

மச்சான்: இருக்குன்னு நான் சொன்னேனா?

மாப்ள: இல்ல, ஒரு பேச்சுக்கு...

மச்சான்: எனக்கும் ஒண்ணும் கிடையாது.

மாப்ள: ஆமா, சோதிச்சுப் பாருங்கன்னு விக்கிற கம்பெனிக்காரங்க அந்தப் பெரிய பெட்டியை இங்க மாட்டிட்டுப் போனாங்களே... நீ உள்ள எதையாவது திறந்து பாத்தியா?

மச்சான்: சேச்சே. ஓடுதான்னு பாத்தேன், அவ்வளவுதான். நீ?

மாப்ள: நானும் அவ்வளவுதான்.

மச்சான்: நல்லது.

மாப்ள: நல்லது.

மச்சான்: ஒரு காரணம் இருக்கு மாப்ள. அவரால தட்ட முடியாது. சத்தம்.

மாப்ள: என்ன சத்தம்?

மச்சான்: பெரிய பெட்டியோட ஃபேன் சத்தம். அவரு ரூமுக்கும் இதுக்கும் நடுவுல வெறும் பலகைதான். இது இங்கயே தங்கிட்டா அவரு ஃபோன்ல ஒரு வார்த்தை பேச முடியாது.

மாப்ள: சத்தமே போடாத பெட்டியை எப்படி சத்தம்னு சொல்றது? பொய் சொல்லி மாட்டிக்கச் சொல்றியா? பக்கத்துலயே உக்காந்து சோதிச்சேன். தூங்கற பூனை மாதிரி கிடந்துச்சு. காலையில அவருகிட்டயும் சொல்லிட்டேனே, சத்தம் அறவே இல்ல சார்னு.

மச்சான்: சொல்லிட்டியா? அதுக்கு அவரு?

மாப்ள: ஒரு மாதிரி பாத்தாரு. அப்புறம், 'முதல்ல உங்க ஏசியைச் சரி பண்ணுங்க, விசில் அடிக்குது'ன்னாரு. ஏசி நல்லாத்தானே ஓடுது?

மச்சான்: ...மாப்ள. அது ஏசி இல்ல.

மாப்ள: பின்னே?

மச்சான்: பெட்டி. இந்த நிமிஷம்கூட கத்திக்கிட்டுத்தான் இருக்கு. அக்கவுண்ட்ஸ் அம்மா வந்து நம்ம கதவைப் படார்னு சாத்திட்டுப் போனாங்களே, எதுக்குன்னு நெனச்சே?

மாப்ள: அவங்க எப்பவும் கோவக்காரங்கதானே...

மச்சான்: கோவக்காரங்கதான். இன்னிக்குக் காரணம் இருக்கு.

மாப்ள: நெஜமா கத்துதா?

மச்சான்: ம்.

மாப்ள: நீ பேசறது கேக்குது மச்சான். கதவு சாத்தினா கேக்குது. இந்த மெல்லிசா, கீச்சுனு வர்றது மட்டும்... போயிடுச்சு போலிருக்கு. பாப்பா ஸ்கூல் கதை சொல்லுதுல்ல, பாதி காதுல விழறதில்ல. சிரிக்கிற இடம் பாத்து நானும் சிரிச்சு வைக்கறேன்.

மச்சான்: தங்கச்சிக்குத் தெரியுமா?

மாப்ள: தெரிஞ்சா சும்மா விடுவாளா? கையைப் பிடிச்சு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிடுவா.

மச்சான்: போகட்டுமே. நல்லதுதானே?

மாப்ள: அப்புறம் ஆபீஸுக்குத் தெரியும். எந்த நேரம் லைன் போனாலும் ஃபோனை எடுத்துப் பதில் சொல்ற வேலை நம்முது. காது சரியில்லாதவனை வச்சுப்பாங்களா? அதான் காது மெஷினைப் பத்தி இங்க உக்காந்தே தேடிக்கிட்டிருந்தேன். வீட்ல தேடினா அவ பாத்துடுவா. இங்க தேடினா இந்தச் சனியன் படிச்சுடும்.

மச்சான்: படிச்சுடுச்சு. நான் பாத்துட்டேன் மாப்ள. வேணும்னு இல்ல. ஓடுதான்னு ஒரு பக்கத்தைத் திறந்தா, நீ தேடின காது மெஷின் வந்து நிக்குது. 'காது மெஷின் வச்சா வேலை போகுமா'ன்னு கேட்டிருக்கே. உடனே மூடியிருக்கணும். மூடாம கடைசிவரைக்கும் படிச்சேன்.

மாப்ள: ஏன் கேக்கல என்கிட்ட?

மச்சான்: கேட்டா, எட்டிப் பாத்தது தெரிஞ்சுடும். கேக்காமலும் இருக்க முடியல. முதல்ல இந்தப் பெட்டியைத் துரத்திடுவோம், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்னு...

மாப்ள: பெட்டி போனா காது வந்துடுமா?

மச்சான்: வராது. டாக்டர்கிட்ட நான் கூட வரேன். தங்கச்சிகிட்டயும் சேந்தே சொல்லுவோம், திட்டு ஆளுக்குப் பாதி. ஃபோன் அடிச்சா விளக்கு எரியற மாதிரி ஒரு சாமான் இருக்கு, விசாரிச்சுட்டேன். அதுவரைக்கும் ஃபோன் எல்லாம் நான் எடுக்கறேன். நீ மத்த வேலையெல்லாம் பாரு.

மாப்ள: இப்பவும் அப்படித்தானே நடக்குது.

மச்சான்: வாய்க்கு ஒரு குறையும் இல்ல உனக்கு.

மாப்ள: அதாச்சும் மிச்சம் இருக்கட்டும்.

மச்சான்: அவரு ரூம் கதவு திறக்குது. வர்றாரு. என்ன சொல்லலாம்?

மாப்ள: சத்தம்னே சொல்லு. நெஜந்தானே?

மச்சான்: காலையில நீ இல்லேன்னு சொல்லியிருக்கியே. ஏன்னு கேட்டா?

மாப்ள: எனக்குக் கேக்கல சார்னு நானே சொல்லிடறேன். வேலைக்கு என்ன வருமோ வரட்டும். இன்னொருத்தர் விஷயத்தை இது படிக்கறதைவிட, என் விஷயத்தை நானே சொல்லிட்டுப் போறேன்.

மச்சான்: மாப்ள... அவரு வர்றதுக்குள்ள என்னை ஒரு வார்த்தை திட்டிடு. நான் செஞ்சது தப்பு. நீ இப்படிச் சும்மா இருந்தா எனக்கு என்னவோ போல இருக்கு.

மாப்ள: எப்படித் திட்டறது? நானும் உன் பக்கத்தைத் திறந்து பாத்தவன்தானே. 'காது மந்தமானவங்ககிட்ட மனசு நோகாம எப்படிப் பேசறது'ன்னு தேடி வச்சிருந்தே... நேத்து வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அழுதுக்கிட்டே போனேன் மச்சான்.