புதுப் புத்தகத்தில் இல்லாத சாமியார்

ஐப்பசியில் குற்றாலத்தில் போர்வை காயாது, சார். லாட்ஜ் மேனேஜராக இருந்து நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். சீசன் கூட்டம் போன பிறகு அறைகளெல்லாம் காலியாகக் கிடக்கும். படுக்கப் போகும்போதுதான் சில நாள் தெரியும், அன்று முழுக்க நான் வாயே திறக்கவில்லை என்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிவசைலம் வருவான். தென்காசியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தான். கூட ஏசுதாசனும் வருவான். கப்பலில் வேலை பார்த்த அவனுடைய சித்தப்பா எங்கிருந்தோ ஒரு விளையாட்டுப் புத்தகத்தையும் பல முகம் கொண்ட பகடைகளையும் வாங்கி வந்திருந்தார். ஒருவன் கதை சொல்ல வேண்டும், அது சிவசைலம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். கதையில் வரும் காட்டில் என்ன எதிர்ப்பட்டாலும், ஜெயித்தோமா செத்தோமா என்பதைப் பகடை சொல்லும். நான் சாமியார். கவசம் கிடையாது, ஆயுதம் கிடையாது, வெறுங்கைதான். "சாமியாரே, இப்பம் என்ன செய்யப் போறீரு?" என்று சிவசைலம் கேட்பான். என்னிடம் வேறு யாரும் அப்படிக் கேட்டதில்லை.

எண்பத்தொன்பதில் புதிய பதிப்பு வந்து சேர்ந்தது. அதில் சாமியாரே இல்லை.

"விட்டுரு பால்வண்ணம். வீரனா மாறிக்கோ, நல்ல வாளா தாரேன்" என்றான் சிவசைலம்.

நான் மாறவில்லை. பழைய சாமியாரைப் புதிய விதிக்குள் கொண்டுவர உட்கார்ந்தேன். பழைய புத்தகத்தில் அடி பட்டதா என்று அட்டவணையில் தேட வேண்டும்; புதியதில் ஒரே எண்ணிலிருந்து கழித்தால் போதும். அந்தக் கணக்கில் என் சாமியார் எல்லோரையும் அடித்துப்போட்டான். சிவசைலம் ஒத்துக்கொள்ளவில்லை. கையின் பலத்தைக் குறைத்தேன். இப்போது சாமியார் ஒரே குத்தில் செத்துப்போனான். சாரல் காலம் முழுக்க இதே வேலை. கடைசியில் இருவருக்கும் சம்மதமாக ஒன்று அமைந்தது. சாமியார் கை பட்டால் எதிரி சாகமாட்டான். விழுவான், எழுந்திருக்க மாட்டான். "இது நியாயம்லே" என்று சொல்லி சிவசைலமே அதை டைப் அடித்துத் தந்தான். என் வாழ்நாளில் நல்ல நாள் அது.

அதற்குள் ஏசுதாசன் துபாய்க்குப் போயிருந்தான். கொஞ்ச நாளில் சிவசைலமும் பம்பாயில் வேலை கிடைத்துவிட்டது என்றான்.

"இன்ஸ்டிட்யூட்ட வித்துட்டேன். நீ வேற ஆளப் பாத்துக்கிடு, என்ன?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மோசமானவன் இல்லை, சார்.

புறப்படுவதற்கு முன் ஐந்தருவியில் குளிக்க ஆசைப்பட்டான். காலையில் போனோம், ஆள் நடமாட்டம் இல்லை. பாசி படிந்த பாறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தான். தள்ளினேன். கால் ஒடிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். இடுப்புக்குக் கீழே எல்லாமே போய்விட்டது. வழுக்கியதாகத்தான் அவனும் நம்பினான்.

அவன் வீடு மாடியில். அதனால் லாட்ஜில் கீழ் அறையைக் கொடுத்தேன். குளிப்பாட்டினேன், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டேன். மத்தியானங்களில் இருவரும் விளையாடினோம். அவன் அம்மா வடிவம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவங்கூட இப்படிப் பாக்க மாட்டான்யா" என்று அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது.

மார்கழியில் ஒரு டாக்டர், வேலூருக்குக் கொண்டுபோனால் நடக்க வைத்துவிடலாம் என்றார். வடிவம்மாள் வேன் பேசிவிட்டார்கள். அன்று மத்தியானம் சிவசைலம் பகடையை உருட்டாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"பின்னால ஒரு கை பட்டுச்சு, பால்வண்ணம். கனவுல அதான் வருது. நீயாலே?"

நான் அவனிடம் பொய் சொன்னதில்லை. ஆமாம் என்றேன்.

"ஏன்லே?"

"போறேன்னு சொன்னியே."

அவன் கத்தவில்லை. பகடையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தான். "இனி ஒங்கூட ஆட மாட்டேன்" என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தலையணையை எடுத்து முகத்தில் வைத்து, அவன் அடங்கும்வரை அழுத்தினேன். அவன் கைகளில் நல்ல பலம் இருந்தது, கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு தலை சீவிவிட்டு, போர்த்திவிட்டேன்.

காட்டிக்கொடுத்துவிடுவான் என்று பயந்து செய்ததாக எழுத வேண்டாம், சார். அவன் நன்மையைத்தான் நினைத்தேன். நடக்க ஆரம்பித்திருந்தால் பம்பாய்க்குத்தான் போயிருப்பான். அங்கே அவனுக்கு ஒருத்தரையும் தெரியாது. எவ்வளவு தனியாக இருந்திருப்பான், யோசித்துப் பாருங்கள்.