தொடாமல் பார்த்திருந்தவள்

மத்தியானம் இரண்டு மணி. பிள்ளைச்சாவடியில், கடற்கரைச் சாலையை விட்டுக் கடல் பக்கம் இறங்குகிற மண் தெரு. ஒரு ஜனம் இல்லை. கட்டுமரத்து நிழலில் இரண்டு நாய்கள் செத்ததுபோலத் தூங்குகின்றன. அலைச்சத்தம்... அதை விட்டால் ஒன்றுமில்லை.

பேய்க்கதை கேட்டால் மத்தியானத்தைச் சொல்கிறாளே என்று முகம் சுளிக்காதீர்கள், கண்ணுகளா. ராத்திரியில் பார்த்ததை இருட்டு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பட்டப்பகலில் வந்ததற்கு என்ன சாக்குச் சொல்வது? கிட்ட வந்து உட்காருங்கள். போர்வையைச் சின்னதுகளுக்கும் கொடுங்கள்.

அந்தத் தெருவில் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினவள் சிவசங்கரி. என் சிநேகிதி வசந்தாவின் அக்காள் மகள். நர்சிங்கில் மேல்படிப்புப் படிக்கிறவள். இறங்கி நாலடி வைத்திருப்பாள், ஒரு வாடை வந்தது. மீன் வாடையில்லை, கருவாடு இல்லை. ஸ்பிரிட்டும் பவுடரும், அதற்கு அடியில் தித்திப்பாக ஒன்று... படுக்கைப் புண்ணின் வாடை. துப்பட்டாவை மோந்து பார்த்தாள். கையை மோந்து பார்த்தாள். இல்லை. நடந்தாள், கூடவே வந்தது. நின்றாள், அதுவும் நின்றது.

அவள் அங்கே எதற்குப் போனாள் என்றால், ஓர் உண்மையைச் சொல்லிவிட.

ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. எது என்று நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். அங்கே பொம்பளைகள் வார்டில் சிவசங்கரிக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். படிப்புக்காக ஓர் ஆராய்ச்சி. நர்சுகள் கையால் என்ன செய்கிறார்கள், கம்ப்யூட்டரில் என்ன பதிகிறார்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவளுக்குக் காலேஜில் ஆராய்ச்சி சொல்லித்தருகிற மேடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"பாக்கணும், எழுதணும். வாயத் தொறக்கக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. நீ ஒரு கை வச்சாலும் மொத்த ஆராய்ச்சியும் கெட்டுப்போகும்."

அவள் நாற்காலிக்கு நேர் எதிர்க் கட்டிலில் சின்னப்பொண்ணு என்கிற அம்மாள். பிள்ளைச்சாவடிக்காரி. பக்கவாதம் அடித்து, பேச்சும் போய், புரளவும் முடியாமல் கிடந்தாள். கண் மட்டும் அசையும். அப்படிக் கிடக்கிறவர்களை இரண்டு மணிக்கு ஒரு தரம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் போட வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். திருப்பிக்கொண்டிருந்தது யார்? மகள் ஆதிலட்சுமி. மீன் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பகலெல்லாம் அம்மாவோடு கிடந்தாள். வார்டு நர்ஸ் ஜெயசித்ராவுக்கும் அது தெரியும். அதனால் ட்யூட்டி முடிகிற நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் குந்தி இடது, வலது, இடது என்று தட்டிவிட்டுப் போவாள்.

"இந்தப் பொட்டிக்கு அகோரப் பசி, சங்கரி. நாப்பது பேருக்கு ஓடி ஓடி ஊசி போட்டுட்டு வந்தா, இதுக்கு வேற தீனி போடணும்" என்று சிரிப்பாள். கெட்டவள் இல்லை. கால் வீங்கின பொம்பளை.

ஒரு நாள் ஆதிலட்சுமி தயங்கித் தயங்கி நாற்காலி பக்கம் வந்தாள். வெள்ளைக் கோட்டு, கையில் பேனா, அம்மா முகத்தையே பார்க்கிற பார்வை... அவள் என்ன நினைப்பாள்?

"ஏம்மா, நீங்க எங்கம்மாவுக்குன்னு தனியா போட்டிருக்கற நர்சம்மாவா? தெனமும் இங்கயே குந்தியிருப்பீங்களா?"

சிவசங்கரிக்கு மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. விவரம் சொன்னால் ஆராய்ச்சி கெடும்.

"ஆமாம்மா... இங்கதான் இருப்பேன்."

பொய்யில்லை, பாருங்கள். ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. ஆதிலட்சுமி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மறுநாளிலிருந்து மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போனாள். பொழுது சாய்ந்து வருவாள். ராத்திரியில் உறவுக்காரர்களை வெளி வராந்தாவில்தான் படுக்க விடுவார்கள்.

இப்போது பாருங்கள். மகள் இன்னும் திருப்புகிறாள் என்று, நாற்பது பேருக்கு ஓடுகிற நர்ஸ் நினைத்தாள். நர்சம்மா திருப்புகிறாள் என்று மகள் நினைத்தாள். யாருமே திருப்பவில்லை என்பது ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் எதிரில் உட்கார்ந்து அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.

சின்னப்பொண்ணு கத்தவில்லை. கத்த முடியாது. "ம்... ம்..." என்று மூக்கால் ஒரு சத்தம். கண் மட்டும் நாற்காலியை விட்டு அகலாது. ஒரு தரம் சிவசங்கரி பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். கட்டில் வரைக்கும் போனாள். அந்த அம்மாளின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த நேரம் பார்த்து வார்டு வாசலில் மேடத்தின் செருப்புச் சத்தம்... திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் "ம்" என்று முனகவில்லை.

புண்ணில் விஷம் ஏறி ஜுரம் கண்டது. தொட முடியாத ஜுரம் என்று ஜெயசித்ரா சொன்னாள். ஒரு விடியற்காலை சின்னப்பொண்ணு போய்ச் சேர்ந்தாள். கம்ப்யூட்டரில் பார்த்தால், கடைசி வரைக்கும் ஒரு வேளை தவறாமல் இடது, வலது, இடது.

காரியம் முடிந்ததும் சிவசங்கரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகளிடம் போய்ச் சொல்லிவிடுவோம், திட்டட்டும், அடிக்கட்டும் என்று கிளம்பினாள். அப்படித்தான் அந்த மத்தியானம், அந்தத் தெரு, அந்த வாடை.

ஆதிலட்சுமி வாசலுக்கே ஓடி வந்தாள்.

"நர்சம்மா! வாங்க, வாங்க. இன்னா இந்த வெயில்ல? ஒரு போன் அடிச்சிருந்தா நானே வந்து இட்டாந்திருப்பேனே!"

பாயை விரித்தாள். மோர் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். "சொன்னேன்ல, இவங்கதான். பெத்த பொண்ணு நான் மீன் வித்துக்கினு கெடந்தேன். இவங்க எங்கம்மா மூஞ்சியவே பாத்துக்கினு குந்தியிருந்தாங்க."

"அம்மா... நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் சிவசங்கரி.

"நீங்க இன்னா சொல்லப் போறீங்கன்னு தெரியும்மா. கடைசியா குளிப்பாட்டறப்ப முதுகப் பாத்துட்டேன். உள்ளங்கை உள்ள போவும், அவ்ளோ பள்ளம்." ஆதிலட்சுமி மூக்கைச் சிந்திப் போட்டாள். "நீங்க இருந்து திருப்பித் திருப்பிப் போட்டே இவ்ளோன்னா, நீங்க இல்லாங்காட்டி எங்கம்மா இன்னா பாடு பட்டிருக்கும்?"

சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சிவசங்கரி மோரைக் குடித்தாள். ஆதிலட்சுமி ஒரு பை நிறைய வஞ்சிரம் துண்டு போட்டுக் கொடுத்தாள். இவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். தெருமுனை வரைக்கும் அந்த வாடை கொண்டுவந்து விட்டது.

வீட்டுக்கு வந்து சித்தி வசந்தாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "என்னைக் கும்புட்டாங்க சித்தி" என்று மட்டும் சொன்னாளாம். மீனை யாரும் சமைக்கவில்லை.

மறுநாள் அதே வார்டு. அதே நாற்காலி. ஆராய்ச்சி முடியவில்லையே. எதிர்க் கட்டிலில் புதிதாக ஓர் அம்மாள், செல்வாம்பாள் என்று பேர், உப்பளத்துக்காரி. தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தாள். பகலில் துணைக்கு ஆள் கிடையாது. சுவர்ப் பக்கம் பார்த்து ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள்.

மத்தியானம் வார்டு அடங்கியிருந்தது. சிவசங்கரி தலையைக் குனிந்து 'யாரும் திருப்பவில்லை' என்று எழுதினாள்.

கிர்ர்ர்... என்று கட்டில் முனகியது.

நிமிர்ந்தாள். செல்வாம்பாள் இவளைப் பார்த்து ஒருக்களித்திருந்தாள். முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்திருந்தது. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் துணி மடித்துச் செருகியிருந்தது. போர்வையில் ஒரு சுருக்கம் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை. அந்த வாடை மட்டும்... மெல்ல நாற்காலியைக் கடந்து போனது.

ஜெயசித்ரா வந்து பார்த்தாள். "அடிப்பாவி, கை வச்சிட்டியா? உங்க மேடம் ஒன் தோல உரிக்கப் போறாங்க" என்று கேலி பண்ணிக்கொண்டே போய்க் கம்ப்யூட்டரில் தட்டினாள். 'திருப்பப்பட்டது.'

இந்தத் தரம் அது உண்மை.

சிவசங்கரியின் தாளில் ஒரு பத்தி இருந்தது. செய்தது யார்? நர்சா, உறவினரா, யாருமில்லையா? மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குறிக்க முடியவில்லை.

அப்புறம் தினமும் அப்படித்தான். அவள் குனிகிற நேரம் பார்த்துக் கட்டில் முனகும். பயமாக இருந்ததா என்று வசந்தா கேட்டாளாம். "பயம் இல்ல சித்தி. கூசுது. செத்தவங்க எழுந்து வந்து செய்யறாங்க, நான் குந்தியிருக்கேன்" என்றாளாம்.

ஒரு நாள் தாங்க முடியவில்லை. பேனா, தாள், மேடம், படிப்பு எல்லாவற்றையும் நாற்காலியிலேயே போட்டுவிட்டு எழுந்தாள். நேராகக் கட்டிலுக்குப் போனாள். "நான் திருப்பறேன்" என்றாள், யாரிடம் என்று தெரியாமல். மல்லாக்கக் கிடந்த செல்வாம்பாளின் இரண்டு கைகளையும் எடுத்து மார்பின் மேல் சேர்த்து வைத்தாள். தூக்குவதற்காகத் தன் கையை அந்த அம்மாளின் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் நுழைத்தாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

மல்லாந்த உள்ளங்கை. ஜுரத்தில் கொதித்தது. முதுகின் பாரம் முழுவதையும் அது தாங்கிக்கொண்டிருந்தது. இவள் கை பட்டும் நகரவில்லை, நடுங்கவில்லை.

இவள் தூக்கட்டும் என்று... காத்திருந்தது.