பல் பதிந்த மொச்சை

என் பெயரும் முகவரியும் மேலே எழுதியிருப்பவைதான். வயது பதினாறு. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். அதிகம் பேசமாட்டேன் என்பதால் வீட்டில் ஊமைச்சி என்று கூப்பிடுவார்கள். அப்பா இல்லை. அம்மாவுடனும் தங்கையுடனும் இருக்கிறேன். புகார் கொடுத்தவர் என் சொந்தப் பெரியப்பா.

ஆறு குடும்பங்களின் மொச்சையும் அறுவடைக்குப் பின் ஒரே கிடங்கில்தான் அடுக்கப்படும். சாவி பெரியப்பாவிடம் இருக்கும். மூட்டை உள்ளே போகுமுன் ஐந்து மொச்சையை எடுத்துக் கடித்துப் பார்ப்பது என் வேலை. உடைந்தால் காய்ந்துவிட்டது என்று மூட்டையில் சுண்ணாம்புக் கோடு போடுவேன். பல் பதிந்தால் ஈரம், மூட்டை திரும்பக் களத்துக்குப் போகவேண்டும்.

இந்த முறை மேகம் கூடியதால் பெரியப்பா தன் பதினொரு மூட்டைகளையும் அவசரமாகக் கட்டிக்கொண்டு வந்தார். கடித்தேன். ஐந்திலும் பல் பதிந்தது. "பெரியப்பா, பல்லு பதியுது" என்றேன். அவர், "ஊமைச்சிக்கு இன்னிக்கு வாய் வந்திருக்குப்பா. போய் உன் பல்லைச் சாணை புடிச்சிட்டு வா" என்றார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அதன் பிறகு பதினொன்றுக்கும் நானே கோடு போட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கிடங்கைத் திறந்தபோது நாற்றம் வாசலுக்கே வந்தது. மூட்டைக்குள் கை விட்டால் காய்ச்சல்காரர் உடம்பு போலச் சுட்டது. ஒவ்வொரு மொச்சையிலும் ஊசி குத்தியது போல ஓட்டை. வண்டுகள் முழங்கை வரை ஏறின. மற்றவர்கள் மூட்டைகளுக்கும், எங்கள் ஐந்து மூட்டைகளுக்கும் அது பரவியிருந்தது.

அதன் பிறகு பெரியப்பா சொன்னபடி நானும் அம்மாவும் மூன்று நாள் அதைப் புடைத்து, எண்ணெய் தடவி, பளபளக்கும்படி துணியால் துடைத்தோம். எண்ணெய்க் கையில் வண்டின் இறக்கைகள் ஒட்டிக்கொண்டன. அந்தக் கையால் சாப்பிட முடியவில்லை. தங்கைதான் ஊட்டினாள்.

அதன் பிறகு பள்ளிக்கூடச் சமையல்காரர் மொச்சை வாங்க வந்தார். தங்கை மதியம் அங்கேதான் சாப்பிடுகிறாள். அவர், "அந்தப் புள்ளையைக் கடிக்கச் சொல்லுங்க. அது பல்லு போதும் எனக்கு" என்றார். பெரியப்பா ஒரு மொச்சையை எடுத்துக் கொடுத்தார். கடித்தேன். உள்ளே மாவும், உயிரோடு ஒரு வண்டும் இருந்தன. அதன் கால்கள் நாக்கில் ஊர்ந்தன. பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கிவிட்டுத் தலையாட்டினேன். நாளைக்கு வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுச் சமையல்காரர் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரியப்பா சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். நான் அரிவாளால் எல்லா மூட்டைகளையும் கிழித்து, இரண்டு கேன் மண்ணெண்ணெயை ஊற்றினேன். தீ வைக்க வந்தேன் என்று புகாரில் இருப்பது தவறு. தீப்பெட்டி கொண்டுபோகவில்லை. துடைத்தாலும் போகாத நாற்றம் எனக்குத் தெரிந்து மண்ணெண்ணெய் ஒன்றுதான். அம்மா ஓடிவந்து, "நம்ம அஞ்சையுமாடி?" என்றாள். ஆமாம் என்றேன்.

நான் பாழாக்கியது நல்ல மொச்சை என்று காட்டப் பெரியப்பா கொடுத்த மாதிரியை, சீல் வைத்த பாக்கெட்டோடு ஆய்வாளர் என்னிடம் காட்டினார். அடையாளம் சொல்லக் கடித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பாக்கெட்டுக்குள் நான்கு வண்டுகள் நடந்துகொண்டிருந்தன.

அம்மா பக்கத்தில் இருக்க, எழுத்தர் இதை இரண்டு தடவை படித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சுண்ணாம்புக் கோடு போட்டது நான்தான் என்பதை விட்டுவிடலாம் என்று அம்மாவும் எழுத்தரும் சொன்னார்கள். அதையும் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.