இடது முன்சக்கரத்தின் அசல் கை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை, ஐயா. அதனால்தான் எழுதும்போது ஆடுகிறீர்கள். ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். இருங்கள், நானே வைக்கிறேன். இப்போது எழுதிப் பாருங்கள்.

முப்பத்திரண்டு வருடம் எடை அளவு அலுவலகத்தில் இருந்தவள் நான். கடை கடையாக ஏறி இறங்கி எடைக்கற்களைச் சோதிப்பேன். சரியானதற்கு முத்திரை, சரியில்லாததற்குப் பறிமுதல். பொய்க்கல்லைக் கையில் எடுத்த உடனே சொல்லிவிடுவேன். அதனால் நானும் உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. நிதானமாக எழுதுங்கள். நான் வேகமாகப் போனால் கையைக் காட்டுங்கள், நிறுத்திக்கொள்கிறேன். முகத்தைப் பார்த்தால் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மாதிரி இருக்கிறது. நடுவில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அப்பா ஒரே நாளில் ஒரே இடத்தில் இரண்டு கார் வாங்கினார். வெண்ணெய் நிறத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று. இரண்டுக்கும் அடுத்தடுத்த எண். எனக்கும் தங்கைக்கும் பின்னால் சண்டை வரக் கூடாதாம். அப்போது எனக்கு ஏழு வயது, அவளுக்கு நாலு. சண்டை வரவும் இல்லை. அப்பா போன பிறகு வெண்ணெய் எனக்கு வந்தது, பச்சை அவளுக்குப் போனது.

நான் என் வண்டியை எப்படி வைத்திருந்தேன் என்று நீங்களே கொட்டகையில் பார்த்தீர்கள். மெத்தைக்குப் பருத்தித் துணி, அதன் மேல் போர்வை, அதன் மேல் தார்ப்பாய். வருடத்துக்கு ஒரு நாள், பழைய கார் சங்கத்துப் போட்டிக்கு மைதானம் வரை ஓட்டுவேன். போக ஒரு கிலோமீட்டர், வர ஒரு கிலோமீட்டர். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் செடிப்பண்ணை வைத்திருப்பவர்கள். பச்சை வண்டியின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே பூந்தொட்டி அடுக்குவார்கள். வியாழக்கிழமை தோறும் மலை ஏறி அந்தப் பக்கத்துச் சந்தைக்குப் போய் வருவார்கள். டிக்கியைத் திறந்தால் எரு வாசனை. நான் வாயைத் திறந்ததில்லை. அவரவர் பொருள், அவரவர் இஷ்டம்.

சங்கத்தில் முழு அசல் பிரிவு என்று ஒன்று உண்டு. ஆணி முதற்கொண்டு எல்லாமே தொழிற்சாலையிலிருந்து அந்த வண்டியோடு வந்ததாக, இல்லாவிட்டால் அதே வருடத்து அச்சு எண் உள்ளதாக இருக்க வேண்டும். நடுவர் ஒருவர் வருவார். கைப்பிடி வைத்த வட்டக் கண்ணாடியை வண்டிக்கு அடியில் விட்டு, டார்ச் அடித்து எண்களைப் படிப்பார். எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வோம். போன வருடம் ஹாரனில் ஒரு திருகாணி புதிது என்று எனக்கு அரை மதிப்பெண் குறைத்தார். கோப்பை ஒரு பல் டாக்டருக்குப் போனது. அந்த மனிதருக்கு வாயில் இருக்கிற பல்லே அசல் இல்லை.

இந்த வருடம் போட்டிக்கு ஐந்து மாதம் இருக்கும்போது வண்டியின் அடியை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். இடது முன்சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கிற இரும்புக்கை ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் என்பார்கள். அதன் மேல்தான் சுருள் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். பள்ளத்தில் இறங்கினால் முழு அடியையும் வாங்குவது அதுதான். அதில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். கிரீஸ் என்ற பட்டப்பெயரைச் சொன்னால் ஊருக்கே அவரைத் தெரியும், நீங்களும் அவரிடம் விசாரித்திருக்கிறீர்கள்.

"அம்மா, இது அழுக்கு இல்ல. விரிசல்."

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"உங்க வண்டி வருஷத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் போகுது. உங்க ஆயுசுக்கும் தாங்கும், என் ஆயுசுக்கும் தாங்கும். தங்கச்சியம்மா வண்டி மாதிரி மலை ஏறி இறங்குச்சுன்னு வைங்க, ஒரு நல்ல பள்ளம் போதும். சக்கரம் மடங்கிக்கும்."

அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

என் கவலை வேறு. விரிசல் கண்ணாடியில் தெரியும், இரண்டு மதிப்பெண் போகும். பற்றவைத்தால் தழும்பு தெரியும், மூன்று போகும்.

நாலு மாதம் தேடினேன், ஐயா. முப்பது ஊருக்குக் கடிதம் போட்டேன். பழைய இரும்புக் கிடங்குகளில் என்னைக் கண்டாலே நாய்கள் வாலாட்டும் அளவுக்குப் பழகிவிட்டேன். ஒரு வீட்டுக் கொல்லையில் என் வண்டியின் சாதியிலேயே ஒன்று கிடந்தது. உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியைக் கெஞ்சிக் கூத்தாடி இறக்கிவிட்டு அடியில் புகுந்து பார்த்தால், வலது கை இருக்கிறது, இடது கை இல்லை. இன்னொருவர் வெகு தூரத்திலிருந்து மரப்பெட்டியில் அனுப்பினார். எண்ணில் கடைசி இலக்கம் ஆறுக்குப் பதில் எட்டு. இரண்டு வருடம் பிந்தியது. பெட்டியை மூடி அன்றைக்கே திருப்பி அனுப்பினேன்.

கடைசியில் கிரீஸ் ஒரு லேத்துக்காரரிடம் கூட்டிப் போனார். அவர் என் வண்டியின் கையை வாங்கி அளவெடுத்து, பத்தாம் நாள் புதிதாக ஒன்றைச் செய்து மேசையில் வைத்தார்.

"பழசை விட உறுதிம்மா. யானையை ஏத்துங்க, வளையாது."

"எண் இல்லையே."

"எண்ணுதானே? நானே பொறிச்சுத் தரேன். கொஞ்சம் துருவும் ஏத்தித் தரேன், பழசாட்டம் இருக்கும்."

பொய் முத்திரை, ஐயா. அதுவும் என்னிடம். நான் எழுந்து வந்துவிட்டேன். கிரீஸ்தான் அந்தக் கையை என் பின்னாலேயே தூக்கிக்கொண்டு வந்து கொட்டகையில் போட்டுப் போனார்.

அந்த வாரம் தங்கை வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னக்கா, யாராவது செத்துட்டாங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடிப்பாவி, இதுக்கா சோறு தண்ணி இல்லாம கெடக்குற? என் வண்டியில இருக்கே அதே கை. கழட்டி எடுத்துக்கோ. எனக்கு அந்த லேத் கையைப் போட்டு விடு. என் வண்டி அடியில எவன் கண்ணாடி புடிச்சுப் பார்க்கப் போறான்?"

"உன் வண்டி கெட்டுப் போயிடுமேடி."

"அது ஏற்கெனவே செடி வளர்க்கிற தொட்டிக்கா. எடுத்துக்கோ."

அவள் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று, "அக்கா, அப்படியே உங்க தங்கச்சியையும் ஒரு தடவை சர்வீஸ் பண்ணிக் குடுத்திடுங்க, சத்தம் ஜாஸ்தியா இருக்கு" என்றார். சாவியை என் கையில் வைத்துவிட்டு, இரண்டு பேரும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டே பேருந்துக்கு நடந்து போனார்கள். என் தங்கைக்குக் கொடுக்கத்தான் தெரியும். கணக்குப் பார்க்கத் தெரியாது.

மறுநாள் காலை வேலையை ஆரம்பித்தேன். யாரும் உதவவில்லை, யாரையும் இதில் இழுக்காதீர்கள். முதலில் பச்சை வண்டி. ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டையில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினேன். கைக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்து மெல்ல மெல்ல இறக்கினால்தான் ஸ்பிரிங் சாதுவாக விரியும். அவசரப்பட்டால் அது ஆளை அடித்துவிடும். நான் அவசரப்படவில்லை. கை வெளியே வந்ததும் எருவைக் கழுவினேன். எண் பளிச்சென்று இருந்தது. ஐம்பத்தொன்பது வருடம், ஒரு கீறல் இல்லை. கொஞ்சம் அழுதேன் என்றால் நம்புவீர்களா தெரியவில்லை.

அதை என் வண்டியில் மாட்டினேன். உள்ளே போகும் ரப்பருக்கான போல்ட்டை, சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். அந்தரத்தில் முறுக்கினால் வண்டி இறங்கும்போது ரப்பர் பிய்ந்துவிடும். நிறையப் பேர் செய்கிற தப்பு அது. நான் செய்யவில்லை. பச்சை வண்டியிலும் செய்யவில்லை.

அதற்குத்தான் வருகிறேன், ஐயா. பேனாவைத் தட்டாதீர்கள்.

பச்சை வண்டிக்கு லேத் கையை எடுத்தேன். பொருந்தியது. அச்சு அசலாகப் பொருந்தியது, லேத்துக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். மாட்டிவிட்டு எழுந்து நின்று பார்த்தேன். மனது கேட்கவில்லை. அப்பா வாங்கின இரண்டு வண்டி. அவ்வளவு வருடம் இரண்டும் அசல். இப்போது ஒன்றில் யாரோ ஒருவர் நேற்றுக் கடைந்த ஒரு துண்டு. என் கையாலேயே என் தங்கை வண்டியைப் போலியாக்குவதா? ஊரெல்லாம் பொய்க்கல்லைப் பறிமுதல் செய்தவள் சொந்தத் தங்கைக்குப் பொய்க்கல்லைக் கட்டுவதா? என்னால் முடியவில்லை. லேத் கையைக் கழற்றி, சாக்கில் சுற்றி, பரண்மேல் வைத்தேன். என் வண்டியிலிருந்து கழற்றிய கை இருந்ததே, அதை எடுத்துத் துடைத்து, கறுப்பு அடித்து, காயவைத்து, பச்சை வண்டியில் மாட்டினேன். புது ரப்பர் போட்டேன். எல்லா இணைப்புக்கும் மசகு போட்டேன். அந்த வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆமாம். விரிசல் விழுந்த அதே கைதான்.

தங்கையிடம் லேத் கை போட்டிருப்பதாகச் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் தூக்கி எறிந்துவிட்டு லேத் கையை மாட்டச் சொல்லியிருப்பாள். அவளுக்குப் பொருளின் அருமை தெரியாது. ஆனால் மெதுவாகப் போ என்று சொன்னேன். மூன்று முறை சொன்னேன். அதற்கு அவள், "பயப்படாதக்கா, யானையே ஏறலாம்னு கிரீஸ் சொன்னாரு" என்றாள்.

போட்டிக்கு அவர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பெயின்ட் சூடாகக் கூடாது என்று தங்கை காலையிலிருந்து என் வண்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்காரர் அடியில் கண்ணாடியை விட்டு, எண்ணைப் படித்து, எழுந்து, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நூற்றுக்கு நூறு. பல் டாக்டர் கைகூடக் கொடுக்கவில்லை. தங்கைதான் விசில் அடித்தாள். அறுபத்து மூன்று வயதில், மைதானத்தில், இரண்டு விரலை வாயில் வைத்து.

போட்டி முடிந்ததும் கைகளைத் திரும்ப மாற்றிவிட வேண்டும் என்று ஒரு எண்ணம் இருந்தது. ஆனால் முதலாவதாக வந்தவர்களுக்கு மூன்று மாதம் கழித்துப் பெரிய போட்டி உண்டு. அது எனக்கு மைதானத்தில்தான் தெரிய வந்தது. ஒரு முறை கழற்றி மாட்டினால் போல்ட் தலையில் ஸ்பானர் தடம் விழும். அதனால் தள்ளிப் போட்டேன். பன்னிரண்டு வியாழக்கிழமைதானே என்று நினைத்தேன். எண்ணித்தான் பார்த்தேன்.

முதல் வியாழக்கிழமையைத் தாண்டவில்லை. மலையில் இறங்கும்போது நாலாவது வளைவு. தொட்டிகளையெல்லாம் விற்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள், ஓட்டியது தங்கை. அவள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, லேத் கைதானே போட்டீங்க, அது எப்படிக்கா உடையும்?" என்று கேட்டார். எனக்கு அந்த லேத்துக்காரரை நினைத்துப் பாவமாக இருந்தது. ஆனாலும் ஆமாம் என்று சொன்னேன். நோயாளியிடம் விவாதம் செய்யக் கூடாது.

பிறகு நீங்கள் கிரீஸை அழைத்துப் போய் வண்டிக்கு அடியில் அனுப்பினீர்கள். உடைந்த துண்டில் எண்ணைப் படித்துவிட்டு, கறுப்பைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, அவர் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டாராமே. என் பரணில் சாக்கை அவிழ்த்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் கேட்காவிட்டாலும் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். எனக்கு அது வேண்டாத பொருள்தான்.

நிச்சயம் உடையும் என்று தெரியுமா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும். என்றைக்கு என்றுதான் தெரியாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசித்துக் காட்டினீர்கள், கேட்டேன். எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள், கையெழுத்தும் நன்றாக இருக்கிறது. "உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே பழுதான பாகத்தைப் பொருத்தினேன்" என்று ஒரு வரி வருகிறதே, அதில் ஒரே ஒரு திருத்தம். தெரிந்தே என்பது இருக்கட்டும். ஆபத்து என்பதும் இருக்கட்டும். பழுதான என்பதை அடித்துவிட்டு, அசல் என்று எழுதுங்கள். அந்த இடத்துக்குப் பக்கத்தில் நான் சுருக்கொப்பம் போட்டுவிடுகிறேன். நாளைக்கு யாராவது இதைப் படித்தால் என் தங்கைக்கு நான் மட்டமான பொருளைக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துவிடக் கூடாது, பாருங்கள்.