விரிப்பு தந்தவர்

பாரிஸின் லா சப்பலில் ஓர் அச்சகம். பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய தாள்களை நகலெடுக்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். தங்கள் புறநகரில் முதலில் குடியேறிய தமிழர்கள் தொடங்கிய தேவாலயத்தின் வரலாற்று மலரை அச்சுக்குக் கொடுக்க வந்திருந்தார்கள். கடைசித் தடவையாக வாசித்துப் பார்த்த மனைவி சொன்னார்:

“முதல் பூசை நடந்தது உடுப்புத் தோய்க்கிற கடையில. நீங்கள் பங்கு மண்டபம் எண்டு எழுதியிருக்கிறியள்.”

“மெல்லக் கதையும். ஆயர் வாசிக்கப்போற புத்தகம்.”

“ஆயரும் உடுப்புத் தோய்க்கிறவர்தானே? அண்டைக்கு மண்டபத்தைத் திறக்கத் திறப்புக் கொண்டு ஒருத்தரும் வரேல்லை. பனிக்குள்ள சுவாமியார் நடுங்கினார். எதிர்ல அந்தக் கடைதான் திறந்திருந்தது.”

“அதை எழுதினால் சிரிப்பினம்.”

“சிரிக்கட்டும். பீடத்துக்குத் துணி இல்லையெண்டு நிக்க, ஒரு மாலி நாட்டுக்காரர் தன்ர விரிப்பைக் காயவைக்கிற மெசினுக்குள்ள இருந்து எடுத்துத் தந்தவர். அதின்ர சூட்டில நீங்களும் கை வைச்சனீங்கள்.”

கணவர் சிரித்துவிட்டார். “ஓம், வைச்சனான்.”

“அப்ப தொடங்கினவையின்ர பட்டியலில அவரையும் போடுங்கோ.”

“பேர் தெரியாதே!”

“விரிப்பு தந்தவர் எண்டு போடுங்கோ.”

அவர்கள் முறை நெருங்கியது. கணவர் ‘பங்கு மண்டபம்’ என்பதை வெட்டிவிட்டு, பட்டியலின் அடிக்குப் பேனாவைக் கொண்டுபோனார்.

“அங்கை இல்லை,” என்றார் மனைவி. “மேலை. உங்கட பேருக்கும் மேலை.”

கணவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு மேலேயே எழுதினார்.